பறக்கத் தெரிந்தவருக்கே பறக்கும் பயிற்சி

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் கல்விச் செலவுக்கான கழிவு, அதாவது வரிக்குரிய வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ள இடமளிக்கப்படும் தொகை, கற்றவரை மேலும் கற்கத் தூண்டுவதையும் கல்லாதவரைக் கண்டும் காணாமல் போவதையும் தன் இயல்பாகக் கொண்டது. 1967இல் வகுக்கப்பட்ட விதிமுறையின்படி, ஒருவர் ஏற்கெனவே செய்துவரும் தொழிலில் அவரது திறனை வளர்க்கும் கல்வி கழிவுக்கு உரியது; அக்கல்வி அவரைப் புதியதொரு தொழிலுக்குத் தகுதியாக்கிவிட்டால் அச்சலுகை போய்விடும்.

விமானப் பயிற்சியில்தான் இவ்விதியின் முழு அழகும் புலப்படுகிறது. பொழுதுபோக்காகப் பறப்பதற்கான தனியார் விமானி உரிமத்துக்குப் பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரமும், ஊதியம் பெற்றுப் பறக்க உதவும் வணிக விமானி உரிமத்துக்குப் பொதுவாக 250 மணி நேரமும் வானில் கழிய வேண்டும். வாடகை விமானத்தில் ஒவ்வொரு மணி நேரமும் பணமாகவும் கழிகிறது என்பதால், ‘கழிவு’ என்னும் சொல் மாணவருக்கு அந்தப் பொருளில் மட்டுமே வாய்க்கிறது. முதல் உரிமம் வெறும் பொழுதுபோக்கு என்பதாலும், இரண்டாவது பிழைப்புக்கு வழிகாட்டிவிடுகிறது என்பதாலும், இரண்டுக்குமே சலுகை இல்லை. விமானியாகிச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பின் பெறும் மேற்பயிற்சியே விதிக்கு உகந்தது. அதன் செலவைப் பெரும்பாலும் நிறுவனமே ஏற்றுக்கொள்கிறது.

விதிமுறை தரும் எடுத்துக்காட்டுகளும் சுவை குன்றாதவை. வழக்கறிஞராகும் எண்ணமே இல்லாத ஊழியர், முதலாளி வற்புறுத்தியதால் சட்டப் பட்டம் படித்தாலும், பட்டம் அவரை வழக்கறிஞராக்கக்கூடும் என்பதால் அவர் பாடு அவரோடு. மனநல மருத்துவர் உளப்பகுப்பாய்வு பயின்றாலோ அவருக்குக் கழிவு உண்டு. மனித மனத்தின் ஆழத்தை அறிவது புதுத் தொழில் ஆகாது என்று வரித்துறையே ஒப்புக்கொண்ட இடம் இது.

விதிக்குள் அடங்கிய விமானிக்கும் நிம்மதி இல்லை. முன்னாள் படைவீரரான ஒரு விமானி, தம் பயிற்சிச் செலவில் 90 விழுக்காட்டைப் படைவீரர் நலத்துறையிடமிருந்து வரியில்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்டு, முழுச் செலவையும் கழிவாகக் காட்டினார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கும் இம்முயற்சியை 1982இல் வரி நீதிமன்றம் ஏற்கவில்லை. வரியற்ற வருமானத்தோடு பிணைந்த செலவுக்குக் கழிவு இல்லை என்னும் பிரிவைக் காட்டி, திரும்பக் கிடைத்த பங்கை நீக்கிவிட்டது.

2018 முதல், சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஊழியர்கள் தம் கைப்பணத்தில் செய்யும் தொழிற்செலவுகளுக்கான கழிவே நிறுத்தப்பட்டது; சொந்தத் தொழில் செய்வோருக்கு மட்டும் அது எஞ்சியது.

மிஞ்சியிருப்பது வரி வரவு, அதாவது வருமானத்திலிருந்து அல்லாமல் கட்டவேண்டிய வரியிலிருந்தே நேராகக் குறைக்கப்படும் சலுகை. வாழ்நாள் கற்றலுக்கான வரவு 10,000 டாலர் வரையிலான கட்டணத்தில் 20 விழுக்காட்டைத் தருகிறது. ஆனால் கட்டணம் பெறும் நிறுவனம் கூட்டரசின் மாணவர் உதவித் திட்டங்களில் பங்கேற்கத் தகுதி உடையதாக இருக்க வேண்டும். ஆகவே கல்லூரியின் விமானவியல் துறையில் சேர்ந்து செஸ்னா என்னும் சிறு விமானத்தை ஓட்டுபவர் மாணவராகவும், அதே ஓடுதளத்தில் சிறு பயிற்சிக்கூடத்தின் செஸ்னாவை ஓட்டுபவர் வெறும் செலவாளியாகவும் கருதப்படுகின்றனர். கட்டவேண்டிய வரியே இல்லாத ஏழை மாணவருக்கு இவ்வரவால் பயனில்லை. அவரே பின்னாளில் தலைமை விமானியாகித் தனிநபர் வருமானம் 90,000 டாலரை எட்டும்போது, அது முற்றாக மறைந்துவிட்டிருக்கும்.