கேட்டியா மக்கா?

குளத்தூரில் டாக் அண்ணன் வீட்டுக்குப் போவதென்றால் கையில் ஒரு துண்டு வேண்டும். பாட்டு போடுமுன் ஃபேனை நிறுத்திவிடுவார். சித்திரைப் புழுக்கத்தில் ஜன்னலையும் சாத்தி, நம்மைப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருத்தி, "கண்ண மூடு மக்கா" என்பார். இளையராஜாவின் 1986ஆம் வருஷத்து 'ஹௌ டு நேம் இட்' தொடங்கும். வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஏறி வரும் நேரம் பார்த்து டக்கென்று நிறுத்துவார். பின்பக்கம் போய் ஒயரை மாற்றிச் செருகுவார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் டக்.

"கேட்டியா?"

"கேட்டேன் அண்ணே."

"என்ன கேட்டே?"

இங்கேதான் மாட்டுவோம். 'நல்லா இருக்கு' என்றால் செல்லாது; ஒயர் மறுபடி மாறும். 'பாஸ் இறுகியிருக்கு' என்றால் பாதி விடுதலை. வீட்டுக்குப் போகிற அவசரம் உள்ளவர்கள், "வாத்தியத்துக்கு நடுவுல காத்து தெரியுது அண்ணே" என்பார்கள். உடனே சாயா வரும்.

எண்களாகக் கிடக்கும் பாட்டை மின் சிக்னலாக மாற்றுகிற பெட்டிதான் டாக். அதைப் புதிதாக வாங்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். 1980களின் பிலிப்ஸ் டிடிஏ1541ஏ சிப் வைத்த பெட்டி எங்காவது விலைக்கு வந்தால், கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா, யார் கையில் இருந்தது என்று மாப்பிள்ளை பார்ப்பதுபோல விசாரிப்பார். 2020 அக்டோபரில் ஜப்பானின் ஏகேஎம் சிப் தொழிற்சாலை எரிந்தபோது துக்கம் அனுஷ்டித்தார். தன்னிடமிருந்த ஏகேஎம் பெட்டிக்குக் கிராக்கி வந்ததும் துக்கம் தீர்ந்தது.

வீட்டில் வைக்கிற டாக் பெரும்பாலும் 2 வோல்ட் அளவில் சிக்னல் தரும். கொஞ்சம் கூடத் தருகிற பெட்டியில் பாட்டு சத்தமாகக் கேட்கும். சத்தம் இத்துனூண்டு ஏறினாலே காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். இரண்டையும் அளந்து சமப்படுத்தி, எது எதென்று சொல்லாமல் கேட்கவைத்தால் பாதிப் பெருமை கரைந்துபோகும். சொல்லிப் பார்த்தேன்.

"மீட்டருக்குக் காது உண்டாலே?" என்றார்.

ஐம்பத்தைந்து தாண்டிய காதுக்கு 15 கிலோஹெர்ட்ஸ் எட்டுவதே அபூர்வம். இவர் 20க்கு மேலே என்ன இருக்கிறது என்று துழாவுகிறார்.

ஆனால் கை தாராளம். தனக்குச் சலித்த பெட்டிகளைப் பையன்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவார். பாறசாலை வரைக்கும் அவர் டாக்கில் பாட்டு கேட்கிற வீடுகள் உண்டு. அங்கெல்லாம் பாட்டு கடைசிவரை ஓடுகிறது.

எனக்கும் ஒன்று கேட்டேன். "உனக்குக் காது இன்னும் பழகல்ல மக்கா. ஞாயித்துக்கிழமை வா" என்றார். நெய்யாற்றின்கரையிலிருந்து புதுசா ஒரு பழசு வருகிறதாம்.