சால் தளும்பாம இறைக்கோணும் கண்ணு

ஏங்கண்ணு, காலைல இருந்து பாக்கறேன், கம்ப்யூட்டர்ல என்னமோ மலை மலையா வரையற. கேட்டா, "மோஷன் ப்ரொஃபைல் தாத்தா, எஸ்-கர்வ்"ங்கற. பக்கத்துல ஸ்டெப்பர் மோட்டாரு கர்ருனு கத்துது, ஸ்க்ரூ நவுரக் காணோம். மலை மட்டும் நல்லா வந்திருக்குது, போ.

நாங்க கவலை ஓட்டுனவங்க. சால் நெறஞ்சதும் மாட்டை விருட்டுனு வெரட்டுனா என்ன ஆகும்? கெணத்துச் சுவத்துல மோதி பாதித் தண்ணி கீழயே கொட்டிரும். மொதல்ல மெல்ல, வடம் விறைக்கட்டும். பொறவு ஒரே நடை. சால் மேல வர்றப்ப மறுபடி மெல்ல. நீ ட்ரபீசாய்டுங்கறது இதைத்தானே? எங்க காளைக்கு அந்தப் பேரு தெரியாது. தண்ணி வாய்க்காலுக்கு வந்துச்சு.

காளை படுத்துட்டா கண்ணுல தெரியும். உன்ர மோட்டாரு நின்னாலும் போர்டு "போயாச்சு"ங்கும். என்கோடர் மாட்டலைன்னா அதுக்கு எப்படித் தெரியும்? ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப். நழுவுனா நாலு நாலாத்தான் நழுவும். சுத்துக்கு 8 மில்லி நவுத்தற ஸ்க்ரூவுல அது 0.16 மில்லி. பத்துத் தடவை நழுவுனா பீஸ் பழைய இரும்புக்குத்தான்.

வேகத்தை ஏத்துனா ஓடிருமாக்கும்? வேகம் ஏற ஏற இழுவை குறையும். காயில்ல கரண்டு ஏறறதுக்குள்ள அடுத்த துடிப்பு வந்து நிக்குது. மொதல் வாய் முழுங்கறதுக்குள்ள இலையை எடுத்தா, எவன் கண்ணு மூட்டை தூக்குவான்?

இன்னொரு கூத்து. 5 மில்லி நவுர செகண்டுக்கு 300 மில்லி வேகம் போட்டு வெச்சிருக்கற. முடுக்கம் 500. பாதி வழி போறப்ப வேகம் 50தான் எட்டியிருக்கும். அப்பவே குறைக்க ஆரம்பிக்கோணும். மிச்சம் 250 யாருக்கு? தெருமுனைக் கடைக்குப் போக ஏரோப்ளேன் எதுக்கு?

அப்பறம் அந்த 256 மைக்ரோஸ்டெப் பெருமை. ஒரு சுத்துக்கு 51,200 துடிப்பு ஆச்சு. க்ரபில் போட்ட உன்ர அர்டுயினோ ஊனோ, செகண்டுக்கு 30,000 பக்கந்தான் தட்டும். அப்ப செகண்டுக்கு ஒரு சுத்துக்கூட வராது. நெல்லைத் துளித்துளியா நறுக்கி எண்ணுனா விளைச்சல் கூடுமா? 16 போதும், போ.

எஸ்-கர்வ் கெட்டதுன்னு சொல்லலை. ஒல்லியா ஒசந்து ஆடற மிஷின், தளும்பற பாத்திரம், இதுக்கெல்லாம் முடுக்கத்தையே மெல்ல ஏத்தறது நல்லது. சால் தளும்புனாத்தான் அந்த வித்தை. உன்ர மிஷின்ல தளும்ப என்ன இருக்குது? கப்ளிங்ல கிரப் ஸ்க்ரூதான் ஆடுது. அதை முடுக்காம கர்வ் வரைஞ்சா, அச்சாணி இல்லாத வண்டிக்குப் பெயிண்டு அடிச்ச கதைதான்.

எந்திரி. அலென் கீயை எடு, ஸ்க்ரூவை முடுக்கு. டயல் கேஜைச் சைபர்ல வெய்யி. பாரத்தை ஏத்தி அம்பது தடவை போயிட்டு வரச் சொல்லு, எப்பவும் ஒரே பக்கத்துல இருந்து வந்து நிக்கட்டும். முள்ளு சைபருக்கு வரலைன்னா முடுக்கத்தைக் குறை, வந்துச்சுன்னாலும் சித்தெ குறைச்சே வெய்யி. மலையை அப்பறம் வரையலாம் கண்ணு.