கொடியசைத்தால் பிரஷர் இறங்கும்

மே 17 உலக உயர் ரத்த அழுத்த தினம். அதை நம்மூரில் கொண்டாடும் முறையை, புதிதாகப் பொறுப்பேற்கும் அதிகாரிகளின் வசதிக்காக எழுதிவைக்கிறேன்.

முதலில் பேரணி. கத்திரி வெயில் நடுவே வரும் நாள் என்பதால் பள்ளிப் பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள். கவலை வேண்டாம், நர்சிங் கல்லூரி மாணவிகள் எதற்கு இருக்கிறார்கள்? ஆளுக்கொரு பதாகை கொடுத்துத் தார்ரோட்டில் நிறுத்துங்கள். சிறப்பு விருந்தினர் சாவகாசமாக வந்து கொடியசைப்பார். ‘சைலன்ட் கில்லர்’ என்று பேச்சில் நாலு தடவையாவது சொல்வார். அப்புறம் ஏசி அரங்கில், உப்பைக் குறைப்பது பற்றிக் கருத்தரங்கம். மதியம் வத்தக்குழம்பு, அப்பளம், மோர் மிளகாய், மாங்காய் ஊறுகாயோடு சாப்பாடு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கை இலையின் ஓரத்திலேயே தீர்த்துவிடலாம்.

அடுத்து முகாம். வெயிலில் நடந்து வந்த பாட்டியை மூச்சு வாங்கும்போதே சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்காரவைத்து, ஜாக்கெட் கை மேலேயே பட்டையைச் சுற்றி, “வீட்ல எத்தனை பேரு, ஆதார் நம்பர் என்ன” என்று கேட்டுக்கொண்டே அளக்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேச்சுக் கொடுக்காமல் அளக்கச் சொல்கிறது பாடப்புத்தகம். பாடப்புத்தகத்துக்கு டார்கெட் கிடையாது, உங்களுக்கு உண்டு.

நோட்டில் 160/100 என்று எழுதியதும் நோயாளிக்கான கல்வி தொடங்கும். “உப்பைக் குறைச்சுக்கோ பாட்டி, டென்ஷன் ஆகாதே. அடுத்த ஆளு வா.” அவ்வளவுதான், முடிந்தது. குழுக்கடன் தவணைக்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் டென்ஷன் ஆகாமல் இருப்பது எப்படி என்பது பாடத்திட்டத்தில் இல்லை. பழைய சோற்றுக்கு ஊறுகாயைத் தவிர வேறு கதியில்லாதவர் எதைக் குறைப்பது என்பதும் இல்லை.

“தலை சுத்தவே இல்லியே, எனக்கு எதுக்கு மாத்திரை?” இது பாட்டியின் நியாயமான கேள்வி. பிரஷர் ஏறியவர்களில் பெரும்பாலானோருக்கு எதுவுமே தெரியாது, அதுதான் ஆபத்து என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அடுத்த மாதம் ‘நார்மல்’ என்றார்கள். குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை போட்டதால்தான் நார்மல், நிறுத்தினால் மறுபடி ஏறும் என்பதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் இல்லாத இடத்தில் வாட்ஸ்அப் வைத்தியர் வந்து உட்காருகிறார்: பூண்டு போதும், இந்துப்பு சாப்பிட்டால் பிரஷர் வராது. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். ஒரு நாள் காலையில் வாய் கோணி, கை கால் இழுத்துக்கொள்ளும். அப்போது மட்டும் பெரிய ஆஸ்பத்திரியில் விலாவாரியாக விளக்கம் கிடைக்கும்: “ஏம்மா மாத்திரைய நிறுத்துனே? உங்களுக்கெல்லாம் சொன்னாலும் புரியாது.”

யார் சொன்னீர்கள்? எப்போது சொன்னீர்கள்?

2020-இல் தமிழ்நாட்டில் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ என்ற சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காடு. நூறு பேர் எழுதி ஏழு பேர் தேறினால் வாத்தியாரைக் கேட்போமா, பிள்ளைகளைத் திட்டுவோமா? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கொண்டுவரும் பெண்ணுக்குத் தன்னார்வலர் என்று பெயர் சூட்டி, சம்பளம் என்ற சொல்லையே தவிர்த்து ஊக்கத்தொகை கொடுத்துவிட்டு, உட்கார்ந்து விளக்கவும் செய் என்றால் எந்தத் திண்ணையில், எந்த நேரத்தில் விளக்குவார்?

உப்பு விஷயம் இன்னும் அழகு. 2014-இல் அரசே ‘அம்மா உப்பு’ விற்றது. சாதா அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய், சோடியம் குறைத்தது 21 ரூபாய். பிரஷர்க்கார ஏழைக்கு இரண்டு மடங்கு விலை! (பொட்டாசியம் கலந்த அந்த உப்பை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. இதையாவது யாராவது சொன்னார்களா?) சிப்ஸ் பாக்கெட்டின் முன்பக்கத்தில் நடிகர் சிரிக்கிறார், பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் மில்லிகிராம் கணக்கு. 2,000 மில்லிகிராம் சோடியம்தான் 5 கிராம் உப்பு என்று எந்தப் பாட்டிக்குத் தெரியும்? சிலி நாட்டில் 2016-லேயே பாக்கெட்டின் முகத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரை குத்தும் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. கம்பெனிக்காரனிடம் கைகட்டி நிற்கிற நம் அரசுகள், ஊறுகாய் தொட்டுக்கொள்பவரிடம் மட்டும் விரலை நீட்டுகின்றன.

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இது எதற்கு, எவ்வளவு நாளைக்கு, என் பிரஷர் எந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். பதில் வரும்வரை ஸ்டூலை விட்டு எழுந்திருக்காதீர்கள். பின்னால் வரிசை முனகினால் முனகட்டும். அவர்களுக்கும் அந்தப் பதில் தேவைதான்.