மாப்ள மூக்கும் மாமன் பேச்சும்

வா மாப்ள, இப்படித் திண்ணையில உக்காரு. கையில என்னய்யா அம்புட்டுப் பெரிய கவரு? ஸ்கேனா? காரியாபட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் விரிச்சுக் காட்டிட்டுத்தான் வர்றியாம்ல. பொண்ணு போட்டோவைக்கூட நீ இம்புட்டு ஆசையாக் காட்டினதில்லையே. “மூக்குத்தண்டு வளைஞ்சிருக்கு மாமா, ஆபரேசன்”ங்கிற. யாருக்குத்தான்யா வளையல?

ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல நிக்கிற சுவரு அது. முன்னால குருத்தெலும்பு, பின்னால எலும்பு. அண்ணனும் தம்பியும் பாகம் பிரிச்சு எழுப்பின சுவரு எது நேரா நின்னுச்சு, சொல்லு? ஒருத்தன் பக்கம் ரெண்டு விரக்கடை கூடத்தான் கெடக்கும். ஊருல இருக்கவுக மூக்கையெல்லாம் படம் புடிச்சாப் பெரும்பாலானவுகளுக்குக் கொஞ்சம் கோணல் தெரியும். அம்புட்டுப் பேரையும் மேசையில படுக்க வைக்க முடியுமா? படத்துல கோணல் இருக்குன்னு ஆபரேசன் பண்ணக் கூடாது. மூச்சு அடைக்குதா, அந்த அடைப்புக்கு அந்தக் கோணல்தான் காரணமா, இதைத்தான் டாக்டருகிட்ட கேக்கணும்.

உனக்கு எந்தப் பக்கம் அடைக்குது? ஒரு நேரம் இடது, ஒரு நேரம் வலதா? அட கிறுக்குப் பயலே, அது எல்லாருக்கும் நடக்குறது. மூக்குக்குள்ள இருக்க சதை சில மணி நேரத்துக்கு ஒரு பக்கம் வீங்கும், பொறவு அங்கிட்டு வத்தி இங்கிட்டு வீங்கும். சரம் பாக்குற பெருசுக இடகலை, பிங்கலைன்னு சொன்னது இப்படி மாறி ஓடுற மூச்சைத்தான். சுவரு கோணல்னா அநேகமா எப்பவும் ஒரே பக்கம்தான் இறுகிக் கெடக்கும்.

இன்னொண்ணு. வெள்ளன எந்திரிச்சதும் தெருவே முழிக்கிற அளவுக்குத் தும்முற, கண்ணைக் கசக்குற, தண்ணியா ஒழுகுது. அது அலர்ஜி. சுவத்தை நிமித்தினா அலர்ஜி போகாது மாப்ள. குறட்டையும் அப்படித்தான். ஆபரேசன் முடிஞ்சா குறட்டை நின்னுரும்னு எந்தங்கச்சி, உங்க ஆத்தா, நம்பிக்கிட்டு இருக்கா. அதுக்கு நான் பொறுப்பில்ல.

சட்டைப் பையில என்ன, சொட்டு மருந்தா? மெடிக்கல்ல நீயாக் கேட்டு வாங்கி மாசக்கணக்காப் போடுறியாக்கும். உடனே அடைப்பை எடுக்குற அந்தச் சொட்டை ஒரு வாரத்துக்கு மேல போட்டா அதுவே அடைப்பைக் கொண்டாந்திரும். அடைப்புக்குச் சொட்டு, சொட்டுக்கு அடைப்புன்னு மெடிக்கல்காரன் மச்சு வீடு கட்டிருவான். டாக்டரு எழுதிக் குடுக்குற ஸ்டீராய்டு ஸ்பிரே வேற சாதி. அதை வாரக்கணக்குல விடாம அடிச்சாத்தான் கேக்கும். நீ மூணே நாள்ல தூக்கிப் போட்டிருப்ப.

அதுக்காக ஆபரேசனே வேணாம்னு சொல்லல. எம்பேத்தி மதுரையில நர்சிங் படிக்குதுல்ல, அது ஒரு ஆராய்ச்சியை வாசிச்சுக் காட்டுச்சு. இங்கிலாந்துப் பக்கம் கோணல் மூக்குக்காரவுக 378 பேரைப் பிரிச்சு, ஒரு பாதிக்கு ஆபரேசன், இன்னொரு பாதிக்கு ஆறு மாசம் ஸ்பிரேயும் உப்புத்தண்ணியும். 2023ல வெளியாச்சு. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா, ஆபரேசன் செஞ்சவுகளுக்குத்தான் தொந்தரவு நல்லாக் குறைஞ்சிருந்துச்சு. அதே சமயம் ஆபரேசன் ஆனவுகள்ல நூத்துக்கு 4 பேரு ரத்தம் வந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாக. இன்னும் நூத்துக்கு 12 பேருக்குக் கிருமி தொத்தி மருந்து வேண்டியிருந்துச்சு. ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடு.

மொகத்துல தழும்பு விழுமான்னு பயமா? திருமலை நாயக்கரு காலத்துல மைசூருப் படை வந்து சனங்க மூக்கை அறுத்துக்கிட்டுப் போச்சு. நம்மாளுக பதிலுக்கு அங்க போயி அறுத்தாக. அந்தக் கதையைக் கேட்டு வளந்த பய, பயப்படத்தான் செய்வ. இது அந்த அறுப்பு இல்ல. கீறுறது துவாரத்துக்கு உள்ளாற. மேல் தோலை ரெண்டு பக்கமும் பைய விலக்கி, கோணலா இருக்கதைச் சீவி, நிமித்தி, மறுபடி மூடி வச்சிருவாக. மூக்கோட வடிவம் மாறுறதுக்கு இல்ல. உம்மூக்கு அழகாகும்னு நீ நெனச்சிருந்தா அந்த ஆசையையும் விட்ரு.

முடிஞ்சதும் சில டாக்டருக பஞ்சு அடைப்பாக, சில பேரு மெல்லிசாத் தகடு வச்சு ஒரு வாரம் கழிச்சு எடுப்பாக, சில பேரு உள்ளயே தையலோட விட்ருவாக. எது உனக்குன்னு முன்னாடியே கேட்டுக்க. கண்ணு முழிச்ச ஒடனே காத்து சல்லுன்னு போகும்னு நெனைக்காத. வீக்கத்துல முன்னைவிட அடைச்ச மாதிரிதான் இருக்கும். முழுசாத் தெளிய மாசக்கணக்காகும். தலைமாட்டை ஒசத்திப் படு. மூக்கைச் சிந்தாத. தும்மல் வந்தா வாயைத் தொறந்து தும்மு, உனக்குத்தான் அது பெரிய வாயாச்சே. ரெண்டு வாரம் மூடை தூக்காத. பட்டாசு ஆபீசுக்கு மறுவாரமே கெளம்பிராத மாப்ள. மருந்துத் தூசியும் பொகையும் பச்சைப் புண்ணுக்கு ஆகாது. தீவாளி ஆர்டரு நெருக்கடின்னு போர்மேன் கூப்பிட்டாலும், என்னைக்கு வரலாம்னு டாக்டருதான் சொல்லணும்.

காச்சல் வந்து, ரெண்டு பக்கமும் அடைச்சு வலி ஏறிக்கிட்டே போனா, சுவத்துல ரத்தம் கட்டியிருக்கலாம். ஒடனே ஓடு. ரத்தம் நிக்காட்டியும், மூக்குல தெளிஞ்ச தண்ணி சொட்டிக்கிட்டே இருந்தாலும் அதேதான். அபூர்வமாச் சுவத்துல ஓட்டை விழுறதும், வாசனை தெரியாமப் போறதும், முன்னம்பல்லு மரத்துப் போறதும் உண்டு. டாக்டரு இதைச் சொல்லாட்டி நீயே கேளு.

விருதுநகர்ல 2022லயே அரசு மெடிக்கல் காலேஜ் தொறந்தாச்சு, மதுரைக்குப் போனா ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துட்டுப் போயி, இந்த ஆபரேசனுக்கு அந்த ஆஸ்பத்திரியில செல்லுமான்னு கவுண்டர்ல கேட்டுட்டுத் தேதி வாங்கு. இதய மாத்திரை, ரத்தம் கட்டாம இருக்குற மாத்திரை எது சாப்பிட்டாலும் சொல்லிரு. நீயா நிறுத்திராத. பீடி விசயத்தைப் பொண்டாட்டிகிட்ட மறைச்சுக்க, மயக்க ஊசி போடுற டாக்டருகிட்ட மட்டும் மறைக்காத.