நடுக் கம்பி

என் மடிக்கணினிக்குப் பன்னிரண்டு வயது. காலபோக அறுவடை முடிந்து, கமக்கார அமைப்பின் கணக்கை அதில் ஏற்றத் தொடங்கிய ஒரு பின்னேரம் அது திடீரென்று நடை தளர்ந்துவிட்டது. ஓர் எழுத்தைத் தட்டினால் ஒரு மூச்சு விட்ட பிறகுதான் திரையில் விழும். ஒரு பக்கக் கணக்கைக் கூட்டச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்து வரலாம். வயசு போனால் எல்லாருக்கும் வாறதுதானே என்று இரங்கினேன். அந்த இரக்கத்திலேயே இரண்டு நாள் போயிற்று.

வைரஸ் என்று தேடினேன், ஒன்றுமில்லை. மின்சேமிப்பு அமைப்பை மாற்றி, முழு வேகத்தில் ஓடு என்று கட்டளை கொடுத்தேன், அசையவில்லை. பிறகு பின்மூடியைக் கழற்றினேன். செப்புக் குழாயின் நுனியில், தகடுகளின் இடுக்கெல்லாம், சூடடித்த வைக்கோல் தூசு கம்பளி போலப் படிந்திருந்தது. அடம்பனில் மாசி மாதம் யன்னல் திறந்து வைத்திருப்பவன் வீட்டில் வேறு என்ன படியும்? பழைய பல்தூரிகையால் தட்டி எடுத்து, காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட பசையைச் சுரண்டிப் புதுப் பசை தடவிப் பூட்டினேன். வெப்பம் 48 பாகைக்கு இறங்கிற்று. இந்த ப்ராசசர்கள் 100 பாகையை அண்டினால்தான் சூட்டுக்குப் பயந்து தங்களை அடக்கிக்கொள்ளும். ஆக, சூடும் காரணமில்லை. டாஸ்க் மனேஜரில் பார்த்தேன். 2.6 கிகாஹேர்ட்ஸில் ஓட வேண்டியது 0.78இல் நின்றது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. களைத்தவன் தடுமாறுவான், இப்படி அளந்துவைத்தது போல ஒரே நடையாக நடக்கமாட்டான். இதை யாரோ மறித்திருக்கிறார்கள்.

கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் ஊரில் பிறந்தவனுக்கு இது முதல் நாளே விளங்கியிருக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் மெலிந்தால் குளம் வற்றிவிட்டது என்று இங்கே யாரும் தலையில் கை வைப்பதில்லை. முதலில் துருசடிக்குப் போய்ப் பார்ப்பார்கள்.

அந்த 0.78ஐப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் பழைய சைக்கிள். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், கரண்ட் இல்லை, பெற்றறி வன்னிக்குள் வராது, மண்ணெண்ணெய்க்குத் தங்கத்தின் மதிப்பு. உங்களில் பலரும் அந்த ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்திருப்பீர்கள்: அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு எண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் இழுத்துவிட்ட திரி. புத்தகத்தில் இரண்டு வரிக்கு மட்டும் வெளிச்சம் விழும், மூன்றாவது வரிக்குப் போத்தலை நகர்த்த வேண்டும். இரவு பிபிசி தமிழோசைக்கு நேரமானதும் சித்தப்பா சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றுவார். டைனமோவிலிருந்து இரண்டு வயர், இடையில் ஒரு டயோட், அதற்கப்பால் வானொலி. ஆறு வோல்ற், மூன்று வாட், அவ்வளவுதான் அந்தக் குட்டி டைனமோவின் சீவன். மிதியைக் கையால் சுற்றுவது என் வேலை. வேகமாகச் சுற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் கரகரக்கும், மெல்லச் சுற்றினால் லண்டன் கிணற்றுக்குள் இறங்கிவிடும். "ஒரே சீரா சுத்து மோனை" என்பார் சித்தப்பா. அயலட்டையெல்லாம் எங்கள் முற்றத்தில் குந்தியிருக்கும். சண்டை எதுவரை வந்துவிட்டது என்று அறியத்தான் அத்தனை பேரும் மூச்சடக்கி இருந்தார்கள். எனக்கோ கை கடுக்கும், இந்தச் செய்தி எப்போது முடியும் என்று அழுகை வரும். இன்று அந்தக் கடுப்பை நினைத்தால் நெஞ்சு இளகுகிறது. பஞ்சம் பஞ்சம்தான், அதற்கு நான் பொட்டு வைத்துப் பூச்சூட்ட மாட்டேன். ஆனால் குறைப்பதும் கூட்டுவதும் என் கையில் இருந்தது. எவ்வளவு சுற்றினால் எவ்வளவு குரல் என்று என் தோள்மூட்டுக்குத் தெரியும்.

மடிக்கணினியின் துருசு கடைசியில் சார்ஜரின் கழுத்தில் அகப்பட்டது. அந்த வயருக்குள் மூன்று கம்பிகள். இரண்டு மின்சாரம் கொண்டுவருபவை. நடுவில் தலைமயிர் போல ஒன்று, அது கொண்டுவருவது ஒரு சேதி: நான் 65 வாட் சார்ஜர், என்னை நம்பு. வருடக்கணக்காக மடித்துச் சுற்றியதில் அந்த நடுக் கம்பி அறுந்துவிட்டது. மின்சாரம் குறையாமல் வருகிறது, சேதி மட்டும் வரவில்லை. வந்திருப்பவன் யாரென்று தெரியாத மெசின், அளவுக்கு மேல் இழுத்து அவனை எரித்துவிடக் கூடாதே என்று பயந்து, தன்னை அடிவேகத்தில் பூட்டிக்கொண்டது, பெற்றறிக்கும் ஏற்றவில்லை. நிறைந்த குளத்துக்குக் கீழே காய்ந்த வயல். அணைத்துப் போடும்போது இதைத் திரையில் எழுதிக் காட்டுமாம். நான் அணைப்பதே இல்லை, மூடி வைப்பதோடு சரி.

த்ரொட்டில்ஸ்டொப் என்றொரு மென்பொருள் இருக்கிறது. அதில் ஒரு கட்டத்திலுள்ள சரியடையாளத்தை எடுத்துவிட்டால், வெளியிலிருந்து வரும் அபாயச் சேதிகளை ப்ராசசர் காதில் போடாது. எடுத்துப் பார்த்தேன், கண்மூடித் திறக்குமுன் வேகம் தாவி ஏறிற்று. ஆனாலும் திரும்பப் போட்டுவிட்டேன். பொய்ச் சேதியோடு மெய்யான அபாயமும் கேளாமல் போய்விடும். காவல்காரனின் வாயைக் கட்டுவதைவிட அறுந்த கம்பியை ஒட்டுவது மேல்.

நிறைந்திருந்தும் மறிக்கப்படுவது மடிக்கணினியில் மட்டுமல்ல. 2022இல் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் போனபோது, ஜாம் போத்தலைத் தேடி எடுத்தவர்கள் நாங்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, கரண்ட் மிஞ்சிப்போகிறது, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. எங்களுக்குப் பக்கத்திலேயே, மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள், தம்பபவனி என்று பெயர், நூறு மெகாவாட். மூன்று வாட்டுக்காகக் கை கடுக்கச் சுற்றிய எனக்கு, மிஞ்சுகிறது என்ற அந்தச் சொல்லை விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வயரை வெட்டி, மூன்று கம்பியையும் சீவி, நடுக் கம்பியை ஈயம் வைத்து ஒட்டி, ரேப் சுற்றிச் செருகினேன். எண் 2.6ஐத் தொட்டது. அடங்கிக் கிடந்த விசிறி மெல்லச் சுழன்று, சீராக இரையத் தொடங்கிற்று. உள்ளறையில் கண் அயர்ந்திருந்த அம்மா, வயது எண்பதைத் தாண்டியவர், எழுந்திருக்காமலே கேட்டார்:

"ஆர் மோனை சுத்துறது? நியூஸ் தொடங்கிட்டுதோ?"