நுரையும் உரையும்: வீட்டில் பீர் காய்ச்சுவோர் பற்றி ஓர் ஆய்வு

பீரைப் பற்றியெல்லாம் ஆராய்ச்சியா என்று புருவம் உயர்த்துவோருக்கு முதலில் ஒரு சமாதானம். புள்ளியியல் மாணவர்கள் இன்றும் முட்டி மோதிக்கொள்ளும் டி-சோதனை பிறந்த இடம் பல்கலைக்கழகம் அன்று, டப்ளினில் உள்ள கின்னஸ் ஆலை. அங்கே வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவுகோலும் அடுத்த ஆண்டே கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் உதித்தது. பீர் கல்விக்கு இவ்வளவு செய்திருக்க, கல்வி பீருக்கு ஒரு கட்டுரையாவது கைம்மாறாக எழுத வேண்டாமா?

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட உயிரினம், அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் ஆர்வலர். தெருமுனைக் கடையில் விதவிதமாகப் பீர் அடுக்கியிருக்க, இவர் ஒரு சனிக்கிழமையை முழுசாகத் தொலைத்து 20 லிட்டர் காய்ச்சுகிறார். காரணம் தாகம் எனில் பொருந்தாது. தாகம் எடுத்தவன் ஒரு மாதம் காத்திருக்க மாட்டான். சிக்கனம் என்பாரும் உளர். அவர் வாங்கி அடுக்கியிருக்கும் எஃகுப் பாத்திரங்களின் ரசீதைப் பார்த்த மாத்திரத்தில் அவ்வாதம் அடிபட்டுப் போகும். ஆகவே நம் கருதுகோள் இது: அவர் உண்மையில் உற்பத்தி செய்வது பேச்சு. பீர் அதன் உபபொருள்.

இதற்குச் சட்டச் சான்று உண்டு. 1933இல் மதுவிலக்கு ஒழிந்தபின் அமெரிக்கர்கள் வீட்டில் ஒயின் செய்துகொள்ள முடிந்தது. பீர் செய்ய முடியவில்லை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. தனியாளுக்கு ஆண்டுக்கு 100 கேலன், வயதுவந்தோர் இருவர் உள்ள வீட்டுக்கு 200 கேலன். கணக்குப் போட்டால் வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். தாராளம்தான். ஆனால் வரம்பு கட்டியது பீருக்கு மட்டுமே; அதைப் பற்றி ஒருவர் எவ்வளவு நேரம் பேசலாம் என்பதில் அந்த நாட்டுக் காங்கிரஸ் வாய் திறக்கவில்லை. அதே ஆண்டில் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் வீட்டுப் பீர்க்காரர்களுக்கு ஒரு சங்கமே உருவாகிவிட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவரான சார்லி பபேசியன் அணுப் பொறியியல் படித்துவிட்டுப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். 1984இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் பாலபாடம். அலபாமா, மிசிசிப்பி மாநிலங்கள் மட்டும் தம் அளவில் 2013 வரை அனுமதி தராமல் இழுத்தடித்தன.

இனி நம் மரபுப்படி முதல், கரு, உரி எனப் பகுத்துக் காண்போம். நிலம், கார் நிற்க வேண்டிய, ஆனால் நிற்காத கராஜ். பெரும்பொழுது குளிர்காலம், காய்ச்சியது சீக்கிரம் ஆறும் என்பதால். சிறுபொழுது, சனிக்கிழமை காலை முதல் கடைசிப் பாத்திரம் கழுவும் வரை. கருப்பொருள், மால்ட் எனும் முளைகட்டிய தானியம், ஹாப்ஸ் எனும் கசப்புப் பூ, ஈஸ்ட், பெரிய கண்ணாடிக் குடுவை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மூன்று வெப்பமானிகள். உரிப்பொருள் முல்லைக்குரிய இருத்தல். தலைவி வாசலைப் பார்த்திருந்தாள். இவர் குடுவையின் வாயில் செருகிய ஏர்லாக் என்னும் காற்றுப்பூட்டைப் பார்த்திருக்கிறார். அதில் ஒரு குமிழி வந்தால் ஈஸ்ட் விழித்துவிட்டது என்று பொருள். நடுராத்திரி எழுந்து போய்ப் பார்ப்பதும் உண்டு. மூடும்போது சர்க்கரை மிஞ்சிப்போன பாட்டில் அலமாரிக்குள் வெடித்தால் நெய்தலின் இரங்கல். அதைத் துடைக்க வீட்டார் மறுத்தால் மருதத்தின் ஊடல்.

செய்முறையைச் சுருக்கிச் சொல்வேன், அவர் சுருக்கமாட்டார் என்பதால். உடைத்த மால்ட்டை ஏறத்தாழ 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். தானியத்தில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். இரண்டு டிகிரி குறைந்தால் பீர் வறண்டு மெலிந்திருக்கும். இரண்டு டிகிரி கூடினால் உடம்பு வைக்கும். அந்தச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் போட்டு மேலும் ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். முதலில் போட்ட ஹாப்ஸ் கசப்பைத் தரும், கடைசியில் போட்டது மணத்தைத் தரும். கொதி வரும் நேரத்தில் ஒரு குறுஞ்செய்தியைப் பார்க்கக் குனிந்தால் போச்சு, நுரை கிடுகிடுவென ஏறி அடுப்பில் வழிந்துவிடும். பானை பொங்கினால் குலவையிடுவது நம் வழக்கம். அவர் வாயிலிருந்து வரும் ஓசை வேறு. வழிந்த சாறு சர்க்கரைப் பாகாதலால் அடுப்பில் கருகி ஒட்டிக்கொள்ளும், கம்பிநாரால் தேய்த்தாலும் லேசில் விடாது.

எல்லாம் ஆறியபின் ஈஸ்ட் சேர்க்கிறார். 1516இல் பவேரியாவில் வந்த புகழ்பெற்ற சட்டம் பீரில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் மூன்றைத் தவிர வேறெதுவும் கூடாது என்றது. வேலை முழுவதையும் செய்த ஈஸ்ட்டின் பெயரையே காணோம்! அப்படி ஓர் உயிர் இருப்பது அன்று யாருக்கும் தெரியாது. பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் பீர் பற்றிய தம் நூலை வெளியிட்டது 1876இல்தான்.

இங்கே ஆய்வாளர் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. நம் ஆர்வலரின் சனிக்கிழமையில் பெரும்பகுதி காய்ச்சுவதில் கழிவதில்லை, கழுவுவதில் கழிகிறது. குடுவை, குழாய், கரண்டி, மூடி, பாட்டில் ஒவ்வொன்றையும் தேய்த்து, கிருமிநாசினியில் முக்கி எடுக்கிறார். குடுவைப் பக்கம் யாரும் தும்மக்கூடாது. காற்றில் அலையும் காட்டு ஈஸ்ட் ஒரு துளி உள்ளே விழுந்தாலும் மொத்தமும் பாழ் என்பார். இதே மனிதர் விடுமுறைக்கு பிரஸ்ஸல்ஸ் போகிறார். அங்கே 1900இல் தொடங்கிய கான்டில்லோன் என்னும் சிறு ஆலை இருக்கிறது. லாம்பிக் என்ற புளிப்புப் பீரின் திருத்தலம் அது. கொதித்த சாற்றை மாடியில் அகலமான செப்புத் தொட்டியில் இரவெல்லாம் திறந்து போட்டுவிடுவார்கள். காற்றில் வரும் எந்த ஈஸ்ட்டும் இறங்கலாம், எந்த பாக்டீரியாவும் குடியேறலாம். மரப்பீப்பாய்களைச் சுற்றி ஒட்டடை தொங்கும். யாரும் அடிப்பதில்லை, ஏனெனில் சிலந்திகள் பூச்சிகளைப் பிடிக்கின்றனவாம். வீட்டில் ஒரு கரண்டியை மூன்று முறை கழுவியவர் அந்த ஒட்டடையின் முன் கைகட்டி நிற்கிறார். இம்முரணுக்குக் காரணம் கேட்டோம். ஒன்றரை மணி நேரம் விடை கூறினார். நம் கருதுகோளுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

வீட்டுப் பீர்ப் போட்டிகளிலும் இதே கதைதான். நடுவர் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். சுவைக்கு 20, மணத்துக்கு 12, ஒட்டுமொத்த மனப்பதிவுக்கு 10, வாயில் தரும் உணர்வுக்கு 5. கண்ணால் பார்ப்பதற்கு வெறும் 3 (பெண் பார்க்கப் போகும் குடும்பங்கள் கவனிக்கத்தக்கது). குறைகளுக்கும் ஒரு நிகண்டு இருக்கிறது. வெண்ணெய் வாடை அடித்தால் டைஅசிட்டைல், வெந்த சோளம் என்றால் டைமெத்தில் சல்ஃபைடு, பச்சை ஆப்பிள் என்றால் அசிட்டால்டிஹைடு. ஆனால் லாம்பிக்கில் குதிரைக்குப் போர்த்திய கம்பளியின் வாடை வந்தால் அது பாராட்டு. அந்தக் கம்பளியை நுகர்ந்து பார்த்தவர் எத்தனை பேர் என்று நடுவரைக் கேட்கக்கூடாது, அது மரபன்று.

பேச்சு உச்சம் தொடுவது, ஒவ்வோர் உணவுக்கும் ஒரு பீரை இணைத்துப் பரிமாறும் பீர் விருந்தில். புரூக்ளின் ஆலையின் தலைமைப் பீர்க் கலைஞர் காரெட் ஆலிவர் 2003இல் எழுதிய நூலுக்குப் பின் இவ்விருந்துகளுக்கு ஒரு சாத்திர பலமும் வந்துவிட்டது. சாத்திரம் தவறில்லை. பீரின் குமிழிகள் நாக்கில் படிந்த கொழுப்பைக் கழுவிவிடும். மிகக் கசந்த ஐபிஏ வகைப் பீர் மிளகாய்க் காரத்தை மேலும் ஏற்றிவிடும். கெட்டியான கரும்பீரான ஸ்டவுட்டும் சாக்லேட்டும் ஒன்றையொன்று உயர்த்தும். இதையெல்லாம் நாக்கே ஒப்புக்கொள்கிறது. சங்கடம் நடைமுறையில்தான். வாத்துக் கறி மேசைக்கு வந்து, ஆவி பறந்து, கையில் முள்கரண்டியை எடுக்கும் நேரம் பார்த்துப் பீர் காய்ச்சியவர் எழுந்து நிற்பார். தண்ணீரின் கனிமங்களில் தொடங்குவார். கண்ணாடிக் கோப்பையில் கால்வாசிக்கு மேல் பீர் இருக்காது. அது தீர்ந்தாலும் உரை தீராது. வாத்தின் மேல் நெய் உறையத் தொடங்கியபின் கைதட்டல் கேட்கும். இவ்விருந்தின் தலைசிறந்த இணை ஸ்டவுட்டும் பச்சைச் சிப்பியும் என்று அறிஞர் கூறுவதன் காரணம் இப்போது விளங்கும். சிப்பி வரும்போதே பனிக்கட்டி மேல் குளிர்ந்துதான் வருகிறது. எவ்வளவு பேசினாலும் நட்டமில்லை.

எதிர்ச்சான்றை மறைப்பது ஆய்வறம் ஆகாது. ஸ்காட்லாந்தில் கடற்படைப் பணியில் இருந்தபோது அவ்வூர் ஏல் வகைப் பீர் குடித்துப் பழகிய ஜாக் மெக்காலிஃப், 1976இல் கலிஃபோர்னியாவின் சோனோமாவில் நியூ ஆல்பியன் என்ற சிறு ஆலையை ஏறக்குறைய தம் கையாலேயே கட்டினார். 1982இல் அது மூடப்பட்டது. ஆனால் அதைப் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சிக்கோ நகரில் வீட்டுப் பீர்ச் சாமான் கடை வைத்திருந்த கென் கிராஸ்மேன், பால்பண்ணைகளிலிருந்து பழைய பாத்திரங்களை வாங்கி 1980இல் சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். முதலில் காய்ச்சியவை மனத்துக்குப் பிடிக்காமல் கீழே கொட்டினார். இன்று அமெரிக்கப் பேல் ஏல் என்றதும் பலருக்கு நினைவில் வருவது அவருடைய பச்சை லேபிள்தான். எனவே பீர் உபபொருள் என்றது பெரும்பான்மை பற்றி. சிறுபான்மை பேச்சு குறைந்து பீர் மிகுதலும் உண்டு என்று கொள்க.

வாசகர்க்கு இரண்டு வார்த்தை. பீர் விருந்துக்கு அழைப்பு வந்தால் வீட்டிலேயே நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இதைப் படித்த உற்சாகத்தில் தமிழ்நாட்டில் யாரும் அண்டாவைத் தேட வேண்டாம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இங்கே நடப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் ஒரு சொம்பு காய்ச்சினாலும் குற்றம்தான்.