ஆற்றங்கரை விடுமுறை வீடும் அதன் இரண்டு விருந்தாளிகளும்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஔவையார் நல்வழியில் ஆற்றங்கரை மரத்தின் கதியைச் சொல்லிவிட்டார். ஆற்றங்கரை வீட்டின் கதியைச் சொல்லவில்லை. மரமாவது வேரில் நிற்கிறது. வீடு வங்கிக் கடனில் நிற்கிறது. இரண்டில் எது முதலில் சாயும் என்பது தமிழில் இதுவரை ஆராயப்படாமலே கிடக்கிறது. பல்கலைக்கழகத்தில் இதற்கு ‘ஆய்வு இடைவெளி’ என்று பெயர். அதை நிரப்பும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. சிங்கப்பூரில் இருக்கும் சின்ன மாமா ஒரு சனிக்கிழமை போன் போட்டு, “டேய், கிள்ளான்ல வீடு ஒண்ணு பாக்கணும், லீவுக்கு வந்து தங்குற மாதிரி. காடி எடுத்துட்டு வா” என்றார். போனேன். களப்பணி அப்படித்தான் தொடங்கியது.

தாமானின் பெயரை வெளியிட முடியாது. விலை இறங்கிவிட்டது என்று அங்கே வீடு வைத்திருப்பவர்கள் என்னைத் தேடி வருவார்கள். கிள்ளான் ஆறு, அதை ஒட்டி மண்கரை, கரைக்கு இந்தப் பக்கம் இரட்டை மாடி இணைப்பு வீடுகள் என்ற அளவில் வாசகர் திருப்தியடைய வேண்டும். அந்தச் சாலையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் சிங்கப்பூர், பெர்த், லண்டன். தீபாவளிக்குத் திறப்பார்கள், கோலம் போடுவார்கள், பூட்டிவிட்டுப் போவார்கள்.

இவர்களை எப்படி அழைப்பது என்ற கலைச்சொல் சிக்கலை இங்கேயே தீர்த்துவிடலாம். மோன் கியாராவில் வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்காரர் எக்ஸ்பேட். ராஜுலா கப்பலில் வந்து போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் இறங்கிய என் தாத்தா கூலி. மாமா முப்பது வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், மலேசியக் குடியுரிமையை விடாதவர். அங்கே போனால் மலேசியாக்காரர், இங்கே வந்தால் சிங்கப்பூர்க்காரர். இந்த ஆய்வில் அவர் எக்ஸ்பேட் என்றே குறிக்கப்படுவார். அதைக் கேட்டு அவருக்கு ஒரு சந்தோஷம்.

முதலில் பெயர்ச்சான்று. பழைய மலாய் ஊர்ப்பெயர்கள் எதையும் மறைப்பதில்லை. கோலா என்றால் ஆறு போய்ச் சேருமிடம், லும்பூர் என்றால் சேறு. தலைநகரமே சேற்றைத் தன் பெயரில் எழுதி வைத்திருக்கும்போது, தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று யாரும் வழக்குப் போட முடியாது. பாயா என்றால் சதுப்பு நிலம். ஆனால் பாயா ஜாராஸ் என்றதும் தமிழனுக்கு ஆட்டுக்கால்தான் ஞாபகம் வருகிறது. இதனால் நம் சமூகத்துக்கு ஏற்பட்ட நட்டத்தைத் தனியாக ஒருவர் ஆராயலாம். வீடமைப்பு நிறுவனங்கள் பெயர் வைக்கத் தொடங்கிய பிறகு இந்த நேர்மை போய்விட்டது. புக்கிட் என்பார்கள், குன்றைத் தேட வேண்டியிருக்கும். இண்டா என்பார்கள், பெர்மாய் என்பார்கள். அழகு தெரியும், நிலமட்டம் தெரியாது. தமிழில் நாம் ‘பள்ளத்தாக்கு’ என்றே சொல்கிறோம். தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்று ஆரம்பப் பள்ளியில் படித்துவிட்டு, வேலைக்குப் போய்ச் சேமித்து, பள்ளத்தாக்கில் வீடு வாங்குகிறோம்.

வரலாற்றுச் சான்றுக்கு நான் வெளியே போக வேண்டியதில்லை. 1881-ல் கோலாலம்பூரை ஒரு தீயும் ஒரு வெள்ளமும் ஒரே ஆண்டில் அடித்துப் போட்டன. மரமும் அத்தாப்பும் மண்ணுமாக இருந்த ஊரைச் செங்கல்லிலும் ஓட்டிலும் திரும்பக் கட்டவேண்டும் என்றார், அடுத்த ஆண்டு ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம். செங்கல்லுக்குக் களிமண் வேண்டும். அது ஆற்றோரத்தில் கிடைத்தது. சூளை போட்ட இடம் பிரிக்ஃபீல்ட்ஸ், நான் குடியிருக்கும் ஊர். வெள்ளத்துக்குப் பயந்தவர்கள், ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணையே சுட்டுச் சுவர் வைத்தார்கள். சூளைகள் போய் ரயில்வே வந்தது, ரயில்வேயோடு யாழ்ப்பாணத்துக் கிராணிமார் வந்தார்கள், பிறகு பூக்கடையும் புடவைக்கடையும் வந்தன. ஆறு மட்டும் போகவில்லை. 1926-ல் பெருவெள்ளம், அதன்பின் ஊருக்குள் ஆற்றை நேராக்கினார்கள். 1971 ஜனவரியில் மறுபடியும். 2007-ல் ஸ்மார்ட் சுரங்கம் திறந்தார்கள், நீளம் 9.7 கிலோமீட்டர். மற்ற நாளில் அதன் ஒரு பகுதியில் கார் ஓடும்; பெருவெள்ளம் வந்தால் காரை வெளியேற்றிவிட்டு ஆறு ஓடும். டோல் காருக்கு மட்டும்.

ஆனால் சுரங்கம் காப்பது தலைநகரின் நடுவை. மாமா பார்த்த வீடு ஆற்றின் கடைசிப் பகுதியில். அங்கே சிக்கல் வேறு மாதிரி. மேலேயிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் நேரத்தில் கடல் ஏறினால் ஆற்றுக்குப் போக்கிடம் இல்லை. போர்ட் கிள்ளானின் ஏற்ற அட்டவணையில் பெரிய ஏற்றங்கள் ஐந்து மீட்டரைத் தாண்டும். அப்போது மதகை மூட வேண்டும். மூடாவிட்டால் ஆறு தாமானுக்குள் வரும். மூடினால் தாமானில் பெய்த மழை வெளியே போகாது, அதைப் பம்பு வைத்து எடுத்து ஆற்றில் ஊற்ற வேண்டும். பம்பு ஓடும்வரை அது தாமான். நின்றுவிட்டால் குளம். ஐந்து லட்சம் வெள்ளி வீட்டின் மதிப்பு, யாரும் போய்ப் பார்த்திராத ஒரு பம்பு வீட்டில் தொங்குகிறது.

அளவீட்டில் இரண்டு மரபுகள் உள்ளன. ஜேபிஎஸ் என்று எல்லோரும் சொல்லும் வடிகால் நீர்ப்பாசனத் துறை, ஆற்று மட்டத்தை இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்காகப் பிரிக்கிறது. குடியிருப்பவர்கள் கணுக்கால், முட்டி, இடுப்பு, கழுத்து என்று பிரிக்கிறார்கள். இரண்டாவது மரபில் ஒரு குறை: அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறும். “முட்டிக்குத்தான் அங்கிள் வந்திச்சி, அதுவும் ஒரு தடவதான்” என்ற ஏஜெண்டு தம்பி ஆறடி உயரம். அவர் முட்டி எனக்குத் தொடை, மாமாவின் பேத்திக்கு நெஞ்சு. வீடு விற்கும் தொழிலுக்கு நெட்டையானவர்கள் வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பது என் கருதுகோள்களில் ஒன்று. நிரூபிக்கப் போதிய ஏஜெண்டுகள் கிடைக்கவில்லை.

ஆகவே மனிதர்களை விட்டுவிட்டு வீட்டிடம் கேட்பதே முறை. உள்ளே நுழைந்ததும் மூக்கு வேலை செய்ய வேண்டும். புதுப் பெயிண்டு வாசனை கூடத்தில் இருந்து மாடியில் இல்லையென்றால் குறித்துக்கொள்ளலாம். அந்தக் கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் குளியலறை டைல் பதித்திருந்தார்கள். “கழுவ ஈஸி” என்றார் தம்பி. எதைக் கழுவ என்று மாமா கேட்கவில்லை. அடுப்படியில் மரக் கேபினட் இல்லை, எல்லாம் அலுமினியம். சாமி மேடை மாடிப்படி திரும்பும் இடத்தில். நான் தேடியது பிளக் பாயிண்டை. சாதாரண வீட்டில் அது தரையிலிருந்து ஒரு முழம். இங்கே என் தோள் உயரத்தில் வரிசையாக இருந்தது, சுவிட்சோடு சுவிட்சாக. தம்பி என்னைப் பார்த்தார். “வயசானவங்க குனியக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க” என்றார். மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மனம் நெகிழ்ந்துபோய் சுவரைத் தடவினார்.

இந்த இடத்தில் ஆய்வின் தொனியை ஒரு நிமிடம் இறக்கி வைக்கிறேன். 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில், ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடாவில் தரை வீடுகள் முங்கின. மாடி வீட்டுக்காரர்கள் மேலே ஏறி உட்கார்ந்து, கரண்டு இல்லாமல், சோறு தண்ணி இல்லாமல், படகு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயில்களிலும் குருத்வாராக்களிலும் சமைத்துப் பொட்டலம் கட்டிப் படகில் அனுப்பினார்கள். அந்தப் பருவ வெள்ளத்தில் நாடு முழுதும் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நட்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்குச் சொன்னது. தண்ணீர் வடிந்த பிறகு வாசலுக்கு வாசல் மெத்தையும் சோபாவும் டீவியும் ஒரே சாம்பல் நிறத்தில் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள், இந்தக் கட்டுரையில் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காவிட்டால் எனக்கு வருத்தமில்லை.

அந்த மழையை நூறு ஆண்டுக்கு ஒரு முறை வருவது என்றார்கள். ஏஜெண்டு தம்பியும் அதையே சொன்னார்: “வந்துட்டுப் போச்சில்ல, இனி நூறு வருஷத்துக்குக் கவல இல்ல.” தொழில் வட்டாரத்தில் மிகவும் செல்வாக்குள்ள விளக்கம் இது. நூறு ஆண்டு மழை என்றால் எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று பொருள். போன வருஷம் வந்ததால் இந்த வருஷம் லீவு எடுக்காது. முப்பத்தைந்து ஆண்டுக் கடனுக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால், கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு. அதுவும் வானிலை பழையபடியே இருந்தால். மாமாவிடம் சொன்னேன். “அப்ப எழுபது பெர்சண்டு வராதுல்ல?” என்றார். மாமா கணக்கில் கெட்டிக்காரர்.

காப்புறுதியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கடன் கொடுக்கும் வங்கி பொதுவாக நெருப்புக் காப்புறுதியைக் கேட்கும். அடிப்படை நெருப்புக் காப்புறுதியில் வெள்ளம் சேராது, தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். காடிக்கும் அதே கதைதான். முன்னால் ஆறு ஓடும் வீட்டுக்கு நெருப்பிலிருந்து முழுப் பாதுகாப்பு உண்டு.

இனி இந்த ஆய்வின் மையக் கருத்து. விடுமுறை வீடு என்பது ஆண்டில் சில நாள் மட்டும் திறக்கும் வீடு. மாமா போன்றவர்கள் அதைத் திறப்பது தீபாவளிக்கும் வருஷக் கடைசி லீவுக்கும். தீபாவளி அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் பாதிக்குள் வரும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை உச்சம் தொடுவது ஏப்ரலை ஒட்டி ஒரு முறை, அக்டோபர் நவம்பரில் இன்னொரு முறை. அதை அடுத்து வடகிழக்குப் பருவக்காற்று. அதாவது வெயில் அடிக்கும் மாதங்களில் வீடு காலியாக இருக்கும். மழை திரளும் நாளில் சரியாகக் கதவைத் திறந்து, விளக்கேற்றி, பேரப்பிள்ளைகளைக் கீழே பாய் போட்டுப் படுக்க வைப்போம். அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் இரண்டு பேர். இருவருக்கும் ஒரே சீசன். ஒருவர் ஜொகூர் பாலத்தில் நாலு மணி நேரம் நெரிசலில் நின்று வருகிறார், இன்னொருவர் மதகு வழியாக வருகிறார். முன்பதிவு செய்வது முதலாமவர் மட்டும்.

இதை மாமாவிடம் சொல்லும்போது அடுத்த வீட்டுப் பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர், கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆவணக் காப்பகத்துக்குப் போகாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள இவரைப் போன்றவர் வாய்ப்பது ஆய்வாளனின் பாக்கியம்.

“பாட்டி, இங்க தண்ணி ஏறுமா?” என்றேன்.

“கேட்டுக்குள்ள வரும். வீட்டுக்குள்ள வரல.”

“எப்பவுமே வரலயா?”

“ஒரு தடவ வந்திச்சி. ஆனா தங்கல, மறுநாளே போயிருச்சி.” கொஞ்சம் யோசித்தார். “மேல இருந்தோமா, காத்து நல்லா வந்திச்சி. காடிய மட்டும் மழ பேஞ்சா ஹைவே பாலத்து மேல கொண்டுபோய் விட்டுருங்க. எல்லாரும் அங்கதான் விடுவாங்க. சீக்கிரம் போனாத்தான் எடம் கெடைக்கும்.”

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் கேட்டது வெள்ளத்தை அல்ல, பார்க்கிங்கை. அதோடு விலை, சந்தையில் மற்ற தாமான்களைவிட நாற்பதாயிரம் வெள்ளி குறைவு. அந்த நாற்பதாயிரம் எங்கிருந்து குறைந்தது என்று அவருக்கும் தெரியும், ஏஜெண்டுக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும். தெரியாமல் ஆற்றங்கரை வீடு வாங்கியவர் ஒருவரையும் இந்த ஆய்வில் நான் சந்திக்கவில்லை.

மூன்று மாதத்தில் சாவி கைக்கு வந்தது. மாமா ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை என்னிடம் கொடுத்தார், மழை பெய்தால் போய்ப் பார்ப்பதற்கு. போன வாரம் சிங்கப்பூரிலிருந்து வாய்ஸ் மெசேஜ். புது ஃப்ரிட்ஜ் வந்து இறங்குகிறதாம், கீழே உயரம் கொடுக்க வேண்டுமாம். “டேய், நீ பிரிக்ஃபீல்ட்ஸ்லதான இருக்க, வர்றப்ப நாலு செங்கல்லு எடுத்துட்டு வா.”

துன் சம்பந்தன் சாலை முழுக்க நடந்து பார்த்தேன். மல்லிகைப் பூ இருந்தது, குத்துவிளக்கு இருந்தது, முறுக்கு இருந்தது. செங்கல் கிள்ளானில் ஒரு ஹார்ட்வேர் கடையில்தான் கிடைத்தது. கடைக்காரர் எந்தத் தாமான் என்று கேட்டார். சொன்னேன். நாலு போதாது என்று எட்டாக எடுத்து வைத்தார்.